உழைக்காமலா ஏழையானோம்?

உழைத்தவன் உயர்ந்தான், உழைக்காதவன் தாழ்ந்தான் என்று மேடையில் பேசுகிறீர்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பேசுகிறீர்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கணக்கை விரித்து வைத்துக்கொண்டும் அதையே பேசுகிறீர்கள். தோட்டத்து ஆட்கள் இன்னும் இரண்டு கிலோ கூடுதலாகக் கொழுந்து எடுத்தால் அவர்கள் நிலைமை தானாக மாறிவிடும் என்கிறீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நெஞ்சு மட்டும் இன்னும் எரிகிறது.

பதுளைக்கு வாருங்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை என்று ஊவா மாகாணத்தின் எந்த மலையில் வேண்டுமானாலும் ஏறுங்கள். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, கைப்பிள்ளையைப் புள்ளக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு அட்டை ஏறும் ஈரத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நீ உழைக்காததால்தான் ஏழையாக இருக்கிறாய் என்று. சொல்ல நா எழுமா உங்களுக்கு?

என் அம்மா அப்படித்தான் நின்றாள். அவளைப் பெற்றவளும் நின்றாள், அவளைப் பெற்றவளும் நின்றாள். மழைக்கு ஒதுங்காமல், குளவிக் கூட்டுக்குப் பயந்துகொண்டே, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றோடு மலையேறினார்கள். உழைப்பு மட்டும் செல்வத்தைத் தந்துவிடுமானால், அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளல்லவா இன்று இந்த மாகாணத்தின் செல்வந்தர்களாக இருக்க வேண்டும்?

இருப்பதோ இப்படி. 2019ஆம் ஆண்டு அரசு எடுத்த குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாடு முழுவதும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு 14.3 பேர். தோட்டங்களில் 33.8 பேர். நாட்டின் பொருளாதாரம் 2022இல் சரிவதற்கு முந்திய கணக்கு அது. மூன்று பேரில் ஒருவர் வறியவர் என்றால், மூன்று பேரில் ஒருவர் சோம்பேறி என்றா அர்த்தம்? 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அளந்து பார்த்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். நடை பழகாத அந்தக் குழந்தை எந்த வேலையைச் செய்யாமல் விட்டது என்று இந்தத் தண்டனை?

உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று எங்கள் மலையிலேயே இருக்கிறது. ஹப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னத் தோட்டத்தின் உச்சியில், லிப்டன் சீட்டில், தோமஸ் லிப்டன் சிலையாக அமர்ந்திருக்கிறார். கிளாஸ்கோ நகரில் வறிய ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். 1871இல் ஒரு கடை திறந்து, அதைப் பல கடைகளாகப் பெருக்கி, 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கி, உலகத்துக்கே தேயிலை விற்றவர். ஏழைப் பையன் உழைத்துக் கோடீஸ்வரன் ஆன கதை. அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உழைத்தார். ஆனால் அதே 1890இல் அதே மலையில் முதுகு வளைந்து உழைத்தவர்கள் எங்கே? அவர்கள் உழைப்பு ஏன் யாரையும் உயர்த்தவில்லை?

கிளாஸ்கோப் பையனுக்கு வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். கப்பலேறி அமெரிக்காவுக்கே போகலாம், போனார். எங்கள் பாட்டன் முன்னறிவிப்பில்லாமல் வேலையை விட்டு நீங்கினால் சிறை என்றது 1865ஆம் ஆண்டுச் சட்டம். கடன் இன்னதென்று எழுதிய துண்டு கையில் இல்லாமல் பக்கத்துத் தோட்டத்தில்கூட அவனால் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. லிப்டன் சேர்த்த காசு லிப்டனிடம் இருந்தது. எங்கள் பாட்டனோ தோட்டத்தில் கால் வைத்த அன்றே, ஆள்சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிக்குக் கடன்காரன். வந்த வழிச்செலவு கடன், போர்த்திய கம்பளி கடன், தின்ற அரிசி கடன். உழைத்தது முழுவதும் அந்தப் பற்றில் போய் விழுந்தது. லிப்டன் நிலம் வாங்கினார், அந்த நிலம் விற்பனைக்கு இருந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால், பத்திரம் காட்ட முடியாத கிராமத்துச் சிங்கள மக்களின் சேனை நிலங்களும் காடுகளும் முடிக்குரிய நிலமாகிவிட்டன. அதற்கு முன்பே ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு வெள்ளைக்காரருக்கு விற்ற அரசாங்கம் அது. நிலத்தை இழந்த ஊவாக் கிராமத்தானும் ஏழையானான். இந்தியாவிலிருந்து கொண்டுவந்து அந்த நிலத்தில் நட்ட நாங்களும் ஏழையானோம். இரண்டு பேருமே உழைத்தவர்கள்தான்.

ஆக, உழைப்பு செல்வமாக வேண்டுமென்றால் அது தங்கி நிற்க ஒரு துண்டு நிலம் வேண்டும், விரும்பிய இடம் போகும் உரிமை வேண்டும், நியாயம் கேட்க ஒரு வாக்கு வேண்டும், பிள்ளையைக் கரையேற்ற ஒரு பாடசாலை வேண்டும். இந்த நான்கையும் எங்களுக்கு அடைத்துவைத்துவிட்டு உழைப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள்.

வாக்கைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, துரையையே அந்தக் குழுவோடு பேச வைத்தார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். எங்கள் வாக்குக்கு இவ்வளவு பலமா என்று கண்டவுடன் அந்த வாக்கையே பறித்தார்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் எங்கள் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டின் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கே போக விரும்புகிறாய் என்று எங்கள் ஆத்தாளையும் அப்பனையும் முன்கூட்டி ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று பதுளை ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத குடும்பங்கள் எத்தனை! கடைசிச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1948 முதல் 2003 வரை எண்ணிப் பாருங்கள், 55 ஆண்டுகள்.

அந்த 55 ஆண்டுகளில்தான் இந்த நாடு தன் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. கல் ஓயாவில் நிலம் கொடுத்தது, மகாவலியில் நிலம் கொடுத்தது. கிராமத்துக்கு ரோடு போட்டது, ஆஸ்பத்திரி கட்டியது, அரச உத்தியோகம் கொடுத்தது. வாக்கில்லாத வாசலுக்கு எந்த வேட்பாளர் வந்து கைகூப்புவார்? பங்கு பிரித்தபோது பந்தியில் எங்களுக்கு இலையே போடவில்லை. சாப்பிடாமல் மெலிந்து போனவனைப் பார்த்து, நீ ஏன் சாப்பிடவில்லை என்று இப்போது கேட்கிறீர்கள்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்களை அரசு எடுத்தது. இனி நிலம் உழுபவனுக்கே என்று நாடெங்கும் பேச்சு. எங்களுக்குக் கிடைத்தது என்ன? வேலை குறைந்தது, உணவுப் பங்கீடு குறைந்தது, 1973, 1974இல் எங்கள் வரிசை வீடுகளான லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. பல தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக விரட்டப்பட்டோம். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட நிலங்களைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். நிலத்தைத் தா என்று கேட்டுக்கூட அல்ல, நாங்கள் பாடுபடும் நிலத்தைப் பிடுங்காதே என்று கேட்டதற்குத் தோட்டா.

நிலம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தெற்கில் இருக்கிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்கள்தான் இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியைத் தருகிறார்கள். அவர்களும் எங்களைப் போலவே மழையில் நனைகிற மனிதர்கள். அவர்கள் பறிக்கும் கொழுந்தும் நாங்கள் பறிக்கும் கொழுந்தும் ஒரே கொழுந்து. அவர்கள் பறித்தால் அதற்குப் பெயர் விலை, நாங்கள் பறித்தால் அதற்குப் பெயர் கூலி. அவர்கள் இந்த ஆண்டு நட்ட செடி பிள்ளைக்குச் சொத்தாகிறது. எங்கள் தாத்தா நட்ட செடியில் எங்களுக்கு ஓர் இலை சொந்தமில்லை. இரண்டு பேருக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அவர்களிடம் காணி உறுதி இருக்கிறது, எங்களிடம் இல்லை. அவ்வளவுதான்.

வேலை நின்றால் காம்பராவையும் விட வேண்டும் என்ற பயத்தோடு வாழ்கிற வீட்டில் என்ன சேமிப்பு, என்ன முதலீடு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. அதில் மூன்று தலைமுறை. அதை வங்கியில் வைத்துக் கடன் எடுக்க முடியாது, கடை போட முடியாது. ஒரு மாட்டுக்கொட்டில் கட்டவும் காய்கறிப் பாத்தி போடவும்கூடத் தோட்ட நிர்வாகத்தின் வாயைப் பார்க்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருகிறேன். நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டும் என்று 2015இல் கேட்டோம். அன்று அது ஏழு டொலருக்கு மேல். ஊர்வலம் போனோம், வேலைநிறுத்தம் செய்தோம், கொழும்பில் போய் நின்றோம். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அந்த 1,000 வந்தபோது அது ஐந்து டொலர். அடுத்த ஆண்டு ரூபா விழுந்தபோது மூன்று டொலருக்கும் குறைவு. தேயிலையோ டொலருக்கு விற்கிறது. 2024இல் தேயிலை ஏற்றுமதியால் இந்த நாட்டுக்கு வந்தது 140 கோடி டொலருக்கு மேல். அதே ஆண்டு மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் அது 1,350இல் நின்றது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, வருகைக்கு அரசு தருவது 200 என்று அறிவித்தார்கள். மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தாலும் 35,000 ரூபா. அதில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், கடைக் கடன் எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதில் அரிசியும் மாவும் வாங்கி, பிள்ளைக்குப் பஸ் காசும் கொடுத்துக் காட்டுங்கள்.

கிலோ போதவில்லை என்கிறீர்கள். கென்யாவில் இவ்வளவு, அசாமில் இவ்வளவு என்று கணக்குக் காட்டுகிறீர்கள். மலையைப் போய்ப் பார்த்தீர்களா? வெள்ளைக்காரன் காலத்துச் செடி இன்னும் நிற்கிறது. மறுநடுகை இல்லை, உரம் இல்லை, புல் வெட்ட ஆள் போடுவதில்லை. செடிக்கு மேலே காடு ஏறிக் கிடக்கிறது, உள்ளே குளவியும் பாம்பும். காய்ந்த மலையில் கொழுந்தைத் தேடித் தேடிக் கிள்ளிக் கொண்டுவந்து நிறுத்தால், தண்ணிக்கென்றும் கூடைக்கென்றும் வெட்டுகிறார்கள். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். பராமரிக்காத மலையின் குற்றத்துக்கு ஏன் அவள் சம்பளம் வெட்டுப்படுகிறது?

படித்து முன்னேறலாமே என்பீர்கள். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைகள் அந்தக் கூரைக்கு வெளியே கிடந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1970களில்தான் அரசு அவற்றை எடுக்கத் தொடங்கியது. மற்றவர்கள் முப்பது ஆண்டுகள் முன்னே ஓடிவிட்ட பிறகு எங்களைக் கோட்டில் நிறுத்தி, இப்போது ஓடு என்றார்கள். ஓடினோம். ஆனாலும் இன்றும் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் படிக்க வேண்டுமென்றால் மடுல்சீமைப் பிள்ளையும் லுணுகலைப் பிள்ளையும் பதுளை நகரத்துக்கோ அதையும் தாண்டியோ போக வேண்டும். தங்க அறை, சாப்பாடு, டியூசன் எல்லாவற்றுக்கும் அம்மாவின் கூடையைத் தவிர வேறு வருமானம் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நகரத்தில் பெரிய பாடசாலைக்கு எதிரே வீடு வைத்திருக்கும் பிள்ளையும், மண்ணெண்ணெய் விளக்கிலும் பழைய லயத்துக் கூரையின் ஒழுக்கிலும் படித்த பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய மாவட்டத்துக்குள்ளேயும் பின்தள்ளப்பட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவனை எந்தக் கணக்கு காணும்?

அத்தனையும் தாண்டி ஒருவன் தேறினாலும் கடிதம் வந்து சேர வேண்டும். லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும், ஆபீசில் கிடக்கும், யாராவது எடுத்துவந்தால் உண்டு. எங்கள் லயத்து அண்ணன் ஒருவருக்கு அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகே கைக்கு வந்தது. அவர் அந்தக் கடிதத்தை எரித்துவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். அவரிடம் உழைப்பில் என்ன குறை இருந்தது? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் உயிரின் விலையையும் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் பார்த்தோம். அந்த மலை சரியும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. போ என்றார்கள், எங்கே போவது என்று இடம் காட்டவில்லை. சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவன் எங்கே போவான்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்ட பிறகு, மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அதோடு பாடம் படித்தோமா? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் எங்கும் மலைகள் பிளந்தன. ஒவ்வொரு முறையும் முகாம், ஒவ்வொரு முறையும் பார்சல் சோறு, ஒவ்வொரு முறையும் காணி தருவோம் என்ற வாக்குறுதி. வறுமை என்பது காசில்லாமை மட்டும் என்று நினைக்காதீர்கள். சரியப்போகிறது என்று தெரிந்த மலைக்குக் கீழே பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டியிருப்பதும் வறுமைதான்.

உங்களில் சிலர் முன்னேறியிருக்கிறார்களே என்பீர்கள். ஆம், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்கள், சட்டத்தரணிகள், வணிகர்கள், அமைச்சர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து எங்கள் தலை நிமிர்கிறது. ஆனால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல ஆசிரியர் கைகொடுத்தார், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன அக்கா காசு அனுப்பினாள், ஒரு சுவாமியார் விடுதியில் சேர்த்தார் என்று ஒவ்வொருவரும் தனக்குத் திறந்த ஒரு கதவைச் சொல்வார்கள். கதவு திறக்காத தம்பியும் அதே அளவு உழைத்தான், அதே அளவு கெட்டிக்காரன். அவன் இன்று கொழும்பில் மூட்டை தூக்குகிறான். ஒருவன் தப்பி வந்ததைக் காட்டி, அடைத்த கதவுகளை அடைத்தபடியே விடப் பார்க்காதீர்கள்.

எங்களை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்து 200 ஆண்டுகள் ஆயிற்று என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். வழியில் செத்து விழுந்த முன்னோரை நினைத்து நடந்தோம். இரக்கம் கேட்டு நடக்கவில்லை. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் வீட்டுக் காணியும், பயிரிட விளைநிலமும் உறுதியோடு எழுதித் தாருங்கள். வெறும் ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று கிள்ளிக் காட்டிவிட்டுப் படம் பிடிக்காதீர்கள். பராமரிக்க முடியாத மலைகளைக் கம்பனிகளிடமிருந்து எடுத்து, அதில் வேர்வை சிந்தியவர்களைச் சிறு தோட்டக்காரர்களாக்குங்கள். சரியும் மலைக்குக் கீழே இருப்பவர்களை அடுத்த மழைக்கு முன்னே எழுப்புங்கள். லயத்து வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் கொடுங்கள். மடுல்சீமையிலும் லுணுகலையிலும் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர்களை அனுப்புங்கள். எங்கள் கையால் வந்த டொலரில் எங்களுக்குரிய பங்கைக் கொடுங்கள்.

இதில் எதுவும் தானமல்ல. மற்றவர்களுக்கு எப்போதோ கொடுத்தது, எங்களுக்கு மட்டும் மறுத்தது. அதைக் கொடுத்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் அந்த நிலத்தில் ஒரு தலைமுறை காலூன்றி நிற்கும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகும் நாங்கள் ஏழைகளாகவே இருந்தால், அன்றைக்கு வந்து எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, எங்கள் மக்கள் பறித்த கொழுந்தில் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே, உழைப்பைப் பற்றி எங்களுக்கு உபதேசம் செய்யும் உரிமை உங்களில் ஒருவருக்கும் இல்லை.